நான் தேடிப் பார்க்கப் பயந்த பெயர்

போட்டோ பிடித்துப் போஸ்டரும் அடிக்கும் எங்கள் கடைக்கு மரணச் செய்தி வந்தால் கூடவே அளவும் வரும். எத்தனை போஸ்டர், என்ன சைஸ், மத்தியானத்துக்குள் கிடைக்குமா என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். அன்று காலை கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணீர் அஞ்சலி ஒன்று அடிக்க வேண்டும் என்றார் பேசியவர். பழக்கம்போலத் துண்டுக் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன்.

"முனிரத்தினம்ங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். "உங்க கடை ரத்தினம்தாங்கண்ணா. நான் அவரு மச்சான் சீனிவாசன், பாலக்கோட்டுல இருந்து பேசறேன்."

நான் நம்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை பார்த்தவர் அவர். யாரோ விளையாடுகிறார்கள் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு ரத்தினத்தின் எண்ணுக்கே அழைத்தேன். எடுத்ததும் அதே குரல். "நாந்தாங்கண்ணா" என்றார் சீனிவாசன். விடியற்காலை நெஞ்சு வலி என்றாராம். தர்மபுரிக்கு வண்டி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாவட்டத்தில் கேமரா பிடித்துப் பிழைக்கும் நண்பர்கள் நீங்கள் அஞ்சலிக்குக் கூடி, ரத்தினத்தைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை பேசு என்றீர்கள். எழுந்து நின்று பேச என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்றேன். நல்ல வார்த்தை மட்டும் எழுதினால் அது பொய்யாகப் போய்விடும். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த அந்த மனிதரை நான் பதினோரு வருடமும் சந்தேகப்பட்டேன். அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். ரத்தினம் வந்து சேர்ந்த புதிதில் வீட்டோடு போனில் தெலுங்கில் பேசுவார். அவர்கள் வீட்டுப் பேச்சே அதுதான் என்றாலும், என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். எதிரே டீக்கடைக்காரருக்குத் தெலுங்கு தெரியும். ஒருநாள் ரத்தினம் பேசி முடித்ததும் என்ன சொன்னார் என்று அவரிடம் ரகசியமாக விசாரித்தேன். வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டதாகச் சொன்னார். டீக்கடைக்காரரும் அவரோடு கூட்டு என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வேலை எதுவானாலும் ஊர்ப் பெயரையும் முகூர்த்த நாளையும் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயராக வைத்துவிடுவோம். பொம்மிடி என்றால் பொம்மிடி, அரூர் என்றால் அரூர். மாப்பிள்ளை பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? வருகிறவர்களும் ஊரையும் தேதியையும்தான் சொல்வார்கள். முதலாளி ஏற்படுத்திய வழக்கம், அதில் யாரும் குறை கண்டதில்லை.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில் சித்தேரி மலையில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தது. ஒன்றுக்கு நான் போனேன், இன்னொன்றுக்கு ரத்தினம் போனார். இரண்டு டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் ஏறின. இரண்டுக்கும் ஒரே பெயர். மூன்று மாதம் கழித்து இடம் போதாமல் டிஸ்க்குகளைத் துழாவியபோது, ஒன்று மற்றதன் நகல் என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் ஒரு டிஸ்க்கை மொத்தமாக அழித்து ஃபார்மட் செய்துவிட்டேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் இதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

போனது ரத்தினம் எடுத்த கல்யாணம். அந்த வீட்டுக்கு ஆல்பம் கொடுத்திருந்தோம். வீடியோ எடிட்டிங் பாக்கி இருந்தது. ஐப்பசியில் பெண்ணின் அம்மா மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டதாகவும், அவர் பேசுகிற மாதிரி எதுவும் வீட்டில் இல்லை என்றும் சொன்னார். "தாலி கட்டறதுக்கு முன்னால எல்லாத்தையும் கும்பிட்டு ரெண்டு வார்த்த பேசுனாருங்க. அத மட்டும் குடுத்துட்டீங்கன்னாப் போதும், பேரப் பசங்களுக்குக் காட்டுவேன்" என்றார்.

வைரஸ் வந்து டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன். இருவரும் நம்பினார்கள். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பக்கத்து நாற்காலியில் இருந்த ரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரிந்துவிட்டது என்ற பயம் எனக்கு அப்போது வந்ததுதான். பிறகு போகவே இல்லை.

அடுத்த வாரமே அவர் அந்த வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு படத்தின் மேலும் வலது பக்கம் சொடுக்கி, விவரங்கள் என்று இருக்கும் இடத்தில் எதையோ தட்டிக்கொண்டே இருப்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, யார் வீட்டுக் கல்யாணம், பெண் பெயர், பிள்ளை பெயர், படத்தில் நிற்பது யார், எடுத்தது யார் என்றெல்லாம் எழுதி வைப்பதாகச் சொன்னார். இனிமேல் தேடல் பெட்டியில் எந்தப் பெயரைத் தட்டினாலும் படம் வந்து நிற்குமாம். "நம்ம கண்ணுக்குத் தெரியறது சிஸ்டத்துக்குத் தெரியாதுங்கண்ணா. அதுக்கு வெறும் நம்பருதான். நாமதான் பேரு சொல்லிக் குடுக்கணும்" என்றார். இதை அவர் வாயால் நீங்களும் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

படத்தோடு நிறுத்தவில்லை. கோரலிலும் போட்டோஷாப்பிலும் நாங்கள் செய்து வைத்திருந்த பத்திரிகை, பேனர் எல்லாவற்றுக்கும் உள்ளே தேட முடிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்த ஃபைல்களின் உள்ளே இருப்பதைக் கணினியின் தேடல் சாதாரணமாகப் படிக்காது. ஒவ்வொரு வகை ஃபைலையும் அதற்குப் படித்துச் சொல்ல ஃபில்டர் என்று சின்ன மென்பொருள் ஒன்றைப் போட வேண்டும். எங்கெங்கோ தேடி இறக்கிப் போட்டார். போட்டும் தமிழ் சிக்கவில்லை. நாங்கள் அடித்திருந்தது பழைய எழுத்துருவில்; அதைக் கணினி ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் என்றே படித்தது. சரி என்று ஒவ்வொரு டிசைனுக்கும் குறிப்பு என்ற இடத்தில் பெயர்களைப் புதிதாகத் தமிழில் தட்ட உட்கார்ந்துவிட்டார். தேடினால் வரும் பட்டியலில் அந்தக் குறிப்பும் பக்கத்திலேயே தெரியும்படி அமைத்தார். இதெல்லாம் பட்டியலில் ஏறி முடியும்வரை கணினி நாள் கணக்கில் திணறியது. எங்களை உளவு பார்க்க ஏதோ போட்டிருக்கிறார் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற மனிதர் என்னையும் எங்கேயாவது எழுதியிருப்பார். யாராவது ஒருநாள் தற்செயலாகத் தீர்த்தகிரி என்று என் பெயரைத் தட்டினால் என்ன வந்து நிற்கும்? தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடையில் ஒருநாளைக்கு நூறு பெயர் தேடியிருப்பேன். என் பெயரை மட்டும் தேடியதில்லை.

இதற்கிடையில் மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் போகாமல் உட்கார ஆரம்பித்தார். கார்டு ரீடரில் பழைய மெமரி கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எதையோ ஓட்டிக்கொண்டிருப்பார். நான் உள்ளே வந்தால் திரையைச் சுருக்கிவிடுவார். கேட்டால், "சும்மா, கார்டு நல்லாருக்குதான்னு பாக்கறேங்கண்ணா" என்பார். கடைப் படங்களை எடுத்துக்கொண்டு போய்த் தனிக் கடை போடப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. மறுபடியும் முதலாளியிடம் போனேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் எல்லோர் எதிரிலும் ரத்தினத்தின் பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

டிபன் பாக்ஸ், துண்டு, குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து. வேறொன்றும் இல்லை. ரத்தினம் பையை மூடவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களும் ஒருக்கா பாத்துக்கோங்கண்ணா. பாத்தாத்தான் வூட்டுக்குப் போயி உங்களுக்குச் சோறு எறங்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குற்றம் இல்லாதவன் இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டான் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அதே மாதத்தில் ஒருநாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் அவர் மேசையில் அரூரிலிருந்து சித்தேரி போகும் பஸ் டிக்கெட் கிடந்தது. அரூரில் கடைக்கு இடம் பார்க்கப் போனவர் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். சித்தேரி என்று அச்சடித்த எழுத்து கண்ணில் பட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தச் சித்தேரி அம்மாவே சின்ன மகள் கல்யாணத்துக்குப் போட்டோ சொல்ல வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "நீங்க ரெண்டு பேரும் பட்ட பாட்டுக்கு நல்லா இருக்கணும்ங்க" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். லென்ஸ் எடுத்து வருவதாகச் சொல்லிக் கடையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் போகிறவரை வெளியே வரவில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். பத்து மணிக்குச் சீனிவாசன் கடைக்கு வந்தார். போஸ்டருக்குப் படம் வேண்டும். ரத்தினம் என்று தேடினோம். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் வந்து கொட்டின. அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. ஊரார் சாவுக்கெல்லாம் அரை மணியில் நல்ல படம் எடுத்துக் கொடுத்தவருக்குப் படம் இல்லாமல் போனதே என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது சீனிவாசன் சொன்னார்:

"அக்கா ஒண்ணு சொல்லுச்சுங்க. மாமாவோட நல்ல படம் ஒண்ணு கடையில இருக்குதாமா. உங்க பேரப் போட்டா வருமாமா. மாமாவே எப்பவோ சொல்லி வெச்சாராம்."

எனக்குப் பின்னால் முதலாளி நின்றார், சீனிவாசன் நின்றார். வேறு வழியில்லை. இத்தனை வருடம் தட்டாத பெயரைத் தட்டினேன். ஒரு எழுத்தை விட்டு, அழித்து, மறுபடி தட்டினேன்.

பட்டியல் வந்தது. நான் எடுத்த கல்யாணங்களுக்கெல்லாம் மேலேயே அந்தப் படம். ஒகேனக்கல்லில் பரிசலுக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பயத்தை மறைக்கச் சிரிக்கிறார். ஆயுதபூஜை முடிந்து கடையில் எல்லோரும் சேர்ந்து போனபோது புது லென்ஸைச் சோதிக்க நான் எடுத்தது. எடுத்ததே எனக்கு மறந்துவிட்டது. படம் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, படத்தில் இருப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடாமல் விட்டு, குறிப்பில் "நான் நன்றாக விழுந்த ஒரே படம்" என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே ஒரு வீடியோ ஃபைல் இருந்தது. சித்தேரி என்ற சொல்லைப் பார்த்ததும் தோளைச் சாய்த்துத் திரையை மறைத்தேன். "அந்தப் படந்தான், எடுப்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். சீனிவாசனும் போனார். தனியாக உட்கார்ந்து படித்தேன். குறிப்பில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே தருகிறேன்.

"சித்தேரி, இரண்டாவது கல்யாணம். டிஸ்க் ஃபார்மட் ஆனதில் போனது. செய்தது தீர்த்தகிரி. இரண்டு ஃபோல்டருக்கும் ஒரே பெயர். என் கையில் கிடைத்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். மெமரி கார்டுகளிலிருந்து பாதி மீட்டேன். பெண்ணின் அப்பா பேசுவது முழுதாக இருக்கிறது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து மீட்டோம் என்று சொல்லியிருக்கிறேன்."

என் சந்தேகம் சரிதான். அவருக்குத் தெரியும், எழுதியும் வைத்திருந்தார். அவரைப் பற்றி நான் பட்ட சந்தேகங்களில் சரியாக இருந்தது இது ஒன்று மட்டுமே. பையைத் திறந்து காட்டிய அன்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் தலை குனிந்திருக்க வேண்டியவன் நான்.

வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். வேட்டி மடிப்புக் கலையாத ஒரு மனிதர் கும்பிட்டபடி, வந்தவர்கள் எல்லாம் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. அதை நிறுத்திவிட்டுப் போஸ்டர் வேலையைத் தொடங்கினேன். ரத்தினத்தின் முகத்தைப் பரிசலிலிருந்து வெட்டி எடுக்கும்போது அழுதேன். அடித்து முடித்ததும் அந்த ஃபைலின் குறிப்பில் அவர் முழுப்பெயரையும், ஊரையும், எங்கள் கடையில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் தமிழில் தட்டினேன். போஸ்டர் ஃபைலில் நான் தட்டிய முதல் குறிப்பு அது.

டிஸ்க்கை ஃபார்மட் செய்தது நான் என்ற அந்த வரியை முதலாளி அன்றைக்குப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. படிக்கவில்லை என்றால் இப்போது இதில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். வைரஸ் எதுவும் வரவில்லை. சித்தேரி அம்மாவுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரத்தினத்தின் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். என் பெயரைத் தட்டினால் அந்தக் குறிப்பு இப்போதும் வருகிறது. அழிக்க ஒரு நொடி போதும். அழிக்கவில்லை. அவர் என்னைப் பற்றி எழுதியது அது ஒன்றுதான். அதில் பொய் எதுவும் இல்லை.