கங்காணி வீட்டுத் தம்பி

கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினில் என் மகள் நாலாம் வகுப்புப் படித்தபோது, அந்த வகுப்பில் ஆளுக்கொரு முன்னோர் இருந்தார். ஒருத்தியின் எள்ளுத்தாத்தா மாட்டு வண்டியில் மலை தாண்டி வந்து தங்கம் தோண்டியவர். இன்னொருவனுடையவர் அதே மலையடிவாரத்தில் மாட்டுப் பண்ணை போட்டவர். அவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு வந்து பேச வேண்டுமாம். "வீ டோன்ட் ஹேவ் எனிபடி, அப்பா" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாருடி சொன்னா? உன் எள்ளுத்தாத்தா இலங்கையில ஒரு மலையையே திறந்தவர். காட்டை வெட்டி, காப்பித் தோட்டம் போட்டு, அதுல வேலை செய்ய ஊர்லேர்ந்து கூட்டம் கூட்டமா ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனவர். நம்ம வீட்டுக்கே கங்காணி வீடுன்னுதான் பேரு!"

ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தின் நகலைத் தபாலில் வரவழைத்தேன். கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. மகள் அந்தப் பிரம்பு வேண்டும் என்றாள். துடைப்பக் கட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றிக் கொடுத்தேன். பேச வேண்டியதையும் நானே எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

ஸ்கூல் விட்டதும் அவளைப் பார்த்துக்கொண்டது பக்கத்துத் தெரு அக்கா. வீட்டிலேயே டேகேர் நடத்தினார். இலங்கைக்காரர். முதல் நாளிலிருந்தே என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போனால், "பிள்ளை சாப்பிட்டாச்சு தம்பி, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க" என்பார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத தேசத்தில், அந்த ஒரு சொல்லுக்காகவே பசிக்காத நாளிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவர் யாழ்ப்பாணம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இலங்கை என்றால் யாழ்ப்பாணம், அதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் நம் ஆட்களுக்கு ஏது? ஒரு நாளாவது "எந்த ஊர் அக்கா?" என்று கேட்டிருப்பேனா?

வேஷம் போடுவதற்கு முந்தின நாள் மகளை அழைத்துவரப் போனேன். ஹாலில் வாண்டுகள் வரிசையாக நின்றன. தலைப்பாகையும் பிரம்புமாக மகள் அவர்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். வரிசையின் கடைசியில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு அக்காவும் நின்றார்.

"தலைப்பாகை பிரமாதம் அக்கா! எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்க என்ன இருக்கு தம்பி? எங்க தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இப்படித்தான் கட்டுவாரு. காலையில பேர் கூப்பிடுறப்ப எங்கம்மா இப்படித்தான் நிப்பாங்க, என்னைய இடுப்புல வச்சிக்கிட்டு. ஒரு நாள் பிந்திப் போனதுக்கு, அந்தப் பிரம்பால..." குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எங்க ஆளுங்களையும் உங்க ஊர்ப் பக்கமிருந்துதான் கூட்டிட்டுப் போனாங்களாம். அங்க நல்லா இருக்கலாம்னு சொல்லி."

எனக்குக் காது சுட்டது. மன்னிச்சுக்குங்க என்று வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"அதெல்லாம் அந்தக் காலம் அக்கா. குழந்தை ஆசைப்படுது, விடுங்க."

பாவி! எனக்கு எங்கே போயிற்று புத்தி?

"ஆமா, பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று அக்கா குனிந்து, என் மகளின் தலையில் கழன்றிருந்த முனையைச் செருகிவிட்டார்.

எழுதிக் கொடுத்ததைத் திருத்த நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை. மறுநாள் மகள் அதை அப்படியே ஒப்பித்தாள். மலையைத் திறந்தவர் வந்தார், பிரம்பு வந்தது. அவர் கூட்டிப்போன ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலமும் எனக்குத் தாமதமாகிவிட்டது. அக்கா கதவைத் திறந்தார். எப்போதும் போலச் சிரித்தார். மகளின் பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை சாப்பிட்டாச்சுங்க, ஐயா" என்றார்.