சித்திரைக்குப் போகாத விருந்தாளி

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கெலிஓயா பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு அந்த நானாவின் ஞாபகம் வந்துவிடும். ஏறிப் போய்விடலாமா என்றிருக்கும். போய் என்ன, அங்கே இப்போது வேறு யாரோ.

அங்கே நாங்கள் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன் அவர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்ட்வெயார் கடை. இருபது புறா வளர்த்தார். கடை அடைத்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் கூட்டுக்குத்தான் போவார்.

ஒரு நவம்பரில், எதிரே இருந்த டெலிபோன் டவரில் வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்தது. முதல் வாரமே ஒரு புறாவைத் தூக்கியது. நானா மைத்துனரிடம் எயார் ரைபிள் வாங்கி வந்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நான் படிப்பித்த பள்ளிக்கூட நூலகத்தில் பறவைப் புத்தகம் படித்த திமிர் வேறு. மதிலோரம் போய், "சுட்டுறாதீங்க நானா. அது வடக்க பனிக்குப் பயந்து கடல் தாண்டி வந்த விருந்தாளி. சித்திரை வருஷத்துக்கு முந்திப் போயிடும்" என்றேன்.

"விருந்தாளியா?" ரைபிளைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். "வீடு தேடி வந்தவன எப்படி டீச்சர் சுடுற?"

அந்த ஒரு சொல்லுக்காகப் பொறுத்தார். ஒவ்வொரு புறா போனபோதும் மதிலுக்கு மேலால் எட்டி, "உங்கட விருந்தாளிக்கு இண்டைக்கும் நல்ல சாப்பாடு" என்பார். சிரிப்பார். அன்று எனக்குச் சோறு இறங்காது.

சித்திரை வருஷமும் வந்து போனது. வல்லூறு போகவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியதும் அங்கிருந்த பைனாகுலரைக் கேட்டு வாங்கி வந்து பார்த்தேன். ஐயோ! வடக்கிலிருந்து வரும் வகைக்கு வயிறு வெளுத்து, கறுப்புக் கோடு ஓடியிருக்கும். இதற்கு வயிறு செங்கல் நிறம், தலை முழுக்கக் கறுப்பு. ஒரே இனம்தான், வகை வேறு. இந்த மலைகளிலேயே பிறந்து, பாறை இடுக்கில் குஞ்சு பொரித்து, எங்கேயும் போகாத வகை. தெல்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு மேலே இருந்த பாறையில் சின்ன வயதில் நான் அண்ணாந்து பார்த்ததும் இதைத்தான். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

பயந்து பயந்து போய்ச் சொன்னேன். "நான் பிழையாச் சொல்லிட்டேன் நானா. அது விருந்தாளி இல்ல. ஷாஹீன்னு சொல்றாங்க. இங்கேயே உள்ளது. போகாது."

"ஷாஹீனா? அது எங்கட ஆக்கள்ட பேருதானே!" என்று சிரித்தார். பிறகு கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுதான் மிச்சம். கதவுக்குப் பின்னால் ரைபிள் அப்படியே இருந்தது.

"இந்த ஊருதான் எண்டு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப அவன எங்க டீச்சர் போகச் சொல்ற?"

மறுநாள் கடையிலிருந்து கம்பி வலை கொண்டுவந்து கூட்டை மூடினார். ரைபிள் மைத்துனர் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

நான் வீட்டுக்குள் வந்து அழுதேன். தெல்தோட்டையிலேயே பிறந்த என் அப்பாவை, இந்திய வம்சாவளி என்று, இந்தியாவுக்குப் போகச் சொல்லி ஒரு காலத்தில் அரசாங்கக் கடிதம் வந்தது. அவர் போகவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைச் சாகும்வரை ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவருக்காக அன்று ஒருவரும் நானாவைப் போலக் கேட்கவில்லை.