கடைசி அறையில் நான்கு நிமிடம்

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் கிடந்தது. தொழிற்சாலையில் அவளுக்கு நிமிஷக்காரி என்றுதான் பெயர். சட்டை தைக்கும் இடம் அது. தையல்காரிகளின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்று, காலர் வைக்க எத்தனை நொடி, கை பூட்ட எத்தனை நொடி என்று குறிப்பதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவளை யாருக்குப் பிடிக்கும்? "எமன்கூட கொஞ்சம் தள்ளித்தான் நிப்பான்" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை.

சிறுவயதில் தாய் வேலைக்குப் போனதும், அவள் திரும்பிவரும் நேரத்தை எண்ணிக்கொண்டு கதவருகே உட்கார்ந்து பழகியவள். அந்தப் பரபரப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சோறு வேகும் நேரம் தெரியும், புருஷன் குளிக்கும் நேரம் தெரியும். "நான் என்ன சட்டையா, நிமிஷம் எழுதுறதுக்கு?" என்று அவன் குளியலறைக்குள்ளிருந்து கத்துவான். கல்யாணமாகி ஆறாவது வருஷம்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. இப்போது ஐந்தாம் மாதம்.

மகப்பேறு மருத்துவமனையில் நீளமான ஒரு நடை, அதில் ஒரு பெஞ்சு, கோடியில் கதவு சாத்திய ஓர் அறை. முதல் தடவை ரத்தம் எடுப்பார்கள். அடுத்த தடவை அந்த அறைக்குள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எச்.ஐ.வி. சோதனையின் முடிவைச் சொல்வார்கள். போன மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோது நிமிஷக்காரியால் சும்மா இருக்க முடியவில்லை. யார் யார் எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறார்கள் என்று பார்த்தாள். கூட்டிக் கழித்து ஒரு சட்டமே போட்டுவிட்டாள்.

"நாலு நிமிஷத்துல வந்துட்டா ஒண்ணும் இல்ல. தாண்டிச்சுன்னா, அதுதான்."

பெஞ்சுக்காரிகள் வாயைப் பிளந்தார்கள். "அது தப்பு வழியில போறவங்களுக்குத்தானே வரும், நமக்கு எதுக்கு இந்த டெஸ்ட்டு?" என்றாள் ஒருத்தி. "கொசு கடிச்சாகூட வருமாம்" என்றாள் இன்னொருத்தி. கொசுவாலும் வராது, தொட்டாலும் வராது, ஒரே டம்ளரில் குடித்தாலும் வராது என்று கொட்டை எழுத்தில் சொன்ன படம் சுவரில்தான் இருந்தது. எல்லோரும் அதன்மேல் சாய்ந்திருந்ததால் ஒருத்தியும் படிக்கவில்லை.

அன்றைக்கு உள்ளே போனவர்களில் ஒருத்தி காலர்காரி, அதே தொழிற்சாலையில் மூன்றாவது வரிசையில் காலர் தைப்பவள். கண் சிவந்து வெளியே வந்தாள். "பத்தொம்பது நிமிஷம்" என்றாள் நிமிஷக்காரி. அவ்வளவுதான், பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுவாரமே தொழிற்சாலையில் காலர்காரியின் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டது. நான் நிமிஷத்தைத்தானே சொன்னேன் என்று நிமிஷக்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்!

இந்த மாதம் அவள் முறை. பெஞ்சில் அதே முகங்கள். ஓரத்தில் காலர்காரி தனியாக, பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு வெற்றிடம்.

உள்ளே கவுன்சிலிங் மேடம் நாற்காலியைக் காட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவது நிமிடத்தில் சொல்லிவிட்டாள். "மூணு விதமா பாத்தாச்சும்மா. உன் ரத்தத்துல எச்.ஐ.வி. கிருமி இருக்கு."

நிமிஷக்காரிக்கு அழுகை வரவில்லை. கண் நேராகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"சீக்கிரம் சொல்லுங்க மேடம். ரெண்டு நிமிஷத்துல நான் வெளிய போயாகணும்."

"இத ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாதும்மா. உக்காரு."

"வெளிய எண்ணிக்கிட்டு இருப்பாங்க மேடம்!"

"யாரு எண்ணுறா?"

நான் பழக்கிவிட்டவர்கள் என்று எந்த வாயால் சொல்வாள்? எழுந்தாள். காலில் வெந்நீர் கொட்டியவளைப் போலக் கதவுக்கு ஓடினாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. மூன்றரை நிமிடம். இப்போது திறந்தால் அவள் மானம் தப்பும்.

"போறதுன்னா போ" என்றாள் மேடம். "குழந்தைக்கு என்ன செய்யணும்னு கேக்காமலே போறியா?"

தாழ்ப்பாளில் இருந்த கை அங்கேயே நின்றது. "குழந்தைக்கு வராம பண்ண முடியுமா?"

"இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சு, ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டா, பெரும்பாலும் வராம காப்பாத்திடலாம். நீயும் நல்லா இருக்கலாம்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். முள் நான்கைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது. அவள் எழவில்லை. மாத்திரை எந்த நேரம், மறந்தால் என்ன, பிரசவம் எப்படி, பால் கொடுக்கலாமா என்று கேட்டதையே கேட்டாள். "உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவருக்கும் பாக்கணும். யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு இப்ப தேட வேணாம்" என்றாள் மேடம். அப்போதுதான் அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தபோது இருபத்து மூன்று நிமிடம்.

பெஞ்சு முழுவதும் நிமிர்ந்தது. ஒருத்தி கையில் போனைப் பிடித்தபடியே, "அடேயப்பா! இவ்வளவு நேரமா உள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"நாலு நிமிஷம்" என்றாள் காலர்காரி.

"எங்க நாலு? நான் மணி பாத்தேனே."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலே நிமிஷம்."

காலர்காரி சத்தம் போடாமல் அவளையே பார்த்தாள். போன் பைக்குள் போனது.

நிமிஷக்காரி காலர்காரியின் பக்கத்தில் போய் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் இவளுக்கு என்ன சொன்னார்கள்? எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

"மாத்திரை ஜன்னல பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க" என்றாள் காலர்காரி மெதுவாக. "எந்திரி, நானும் வரேன்."

அந்த ஜன்னலில் சத்து மாத்திரையும் கொடுப்பார்கள், மற்ற மாத்திரையும் கொடுப்பார்கள். அவள் எதை வாங்க வருகிறாள் என்று நிமிஷக்காரி கேட்கவில்லை.