தேன்குழாயார் வாசிக்காத அறிவித்தல்

சிலோன் குருநாதன் தன் ஆயுளில் சிலோனுக்குப் போனதே கிடையாது. மாரியூர்க் கடலில் முழங்கால் தண்ணீர்வரை இறங்கி அந்தத் திசையைப் பார்த்ததுதான் அவன் செய்த பெரிய கடல் பயணம். அப்படியும் பட்டப்பெயர் பசை மாதிரி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவன் தொண்டை.

பூவங்குளத்தில் அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் சிலோன்தான். நம் நாட்டு நிலையத்தைத் திருப்பினால் கடலை வறுக்கிற சத்தம்தான் முதலில் வரும். பாட்டு அதற்குள் ஒளிந்துகொண்டு கிடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையமோ அடுத்த வீட்டுக்காரன் வேலிமேல் சாய்ந்து பேசுகிற மாதிரி வரும். அதில் பேசிய ஒருவருக்கு ஊரார் வைத்த பெயர் தேன்குழாயார். சொந்தப் பெயரை அவரே பலமுறை சொல்லியிருப்பார். அது யாருக்கு வேண்டும்? காலையில் பிறந்தநாள் வாழ்த்து, மத்தியானம் விரும்பிக் கேட்கிறவர்களின் பாட்டு, பொழுதடைகிற நேரத்தில் மரண அறிவித்தல் என்று மூன்றையும் அவர்தான் வாசிப்பார். வாழ்த்துக்கு ஒரு குரல், சாவுக்கு ஒரு குரல். இரண்டிலும் தேன்.

ஊரில் பாதி வீட்டுக்கு அக்கரையில் சொந்தம் இருந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள், கொழும்புக் கடைகளில் மூட்டை பிரிக்கிறவர்கள். அங்கே யாராவது செத்தால் கடுதாசி வந்து சேர்வதற்குள் பதினாறே முடிந்துவிடும். அதனால் பூவங்குளத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. தேன்குழாயார் வாசித்தால் அந்த நிமிஷமே வாசலில் கூடி ஒப்பாரி வைப்பார்கள், தலை முழுகுவார்கள், தாலி அறுப்பார்கள். அவர் வாசிக்கவில்லை என்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எவன் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் சரி, ‘ரேடியோல சொல்லலயே’ என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்கள்.

குருநாதன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் தனக்கும் இருந்த உறவை முறித்துக்கொண்டு, சாயல்குடி மீரா சாகிபுவின் மைக் செட்டில் சேர்ந்தான். பனைமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, ரெக்கார்டு தேய்ந்து ஒரே வரியில் நின்றால் ஊசியைத் தட்டிவிடுவது எல்லாம் அவன் வேலை. மைக்கைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று மீரா சாகிபு சொல்லியிருந்தார். அவர் மத்தியானத் தொழுகைக்குப் போன ஒரு கல்யாணத்தில்தான் குருநாதன் முதன்முதலாகத் தொட்டான்.

“இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்... பூவங்குளத்திலிருந்து வீரலட்சுமி, சோணையம்மாள் மற்றும் குடும்பத்தினர்.”

அச்சு அசல் தேன்குழாயார். வீரலட்சுமியும் சோணையம்மாளும் ஒரு கிணற்றுக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஓரகத்திகள். பந்தலின் இரண்டு மூலையிலிருந்தும் எழுந்து, “நான் எப்படி இவகூடச் சேர்ந்து பாட்டுக் கேப்பேன்?” என்று ரேடியோவை வையத் தொடங்கி, கடைசியில் இருவருமாகச் சேர்ந்து குருநாதனைத் துரத்தினார்கள். சண்டை போட்டுப் பழகிய இரண்டு பேர் ஒரே பக்கம் ஓடியது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து அவன் ‘சிலோன்’ ஆனான்.

அவன் வீட்டுக்குப் பின்வீடு பஞ்சம்மாளுடையது. முறைக்குச் சித்தி. அவள் புருஷன் நாகநாதன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். மகள் செவ்வந்தி தவழ்ந்துகொண்டிருந்தபோது ஒருமுறை கப்பலில் வந்து போனவன், அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். அவனுக்கு எழுத்து வராது. ஆனாலும் ஆவணியில் மகள் பிறந்தநாள் வந்தால், கூட வேலை பார்த்த பொன்னுச்சாமியைக் கொண்டு நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டுவிடுவான். அன்று காலை தேன்குழாயார் வாசிப்பார்: “இந்தியா, பூவங்குளத்தில் பிறந்தநாள் காணும் செல்வி செவ்வந்தியைக் கொழும்பிலிருந்து அன்பு அப்பா நாகநாதன் வாழ்த்துகிறார்.”

செவ்வந்திக்கு அப்பனின் முகம் நினைவில்லை. குரல் மட்டும் தெரியும் என்று நம்பினாள். “எங்கய்யா ரேடியோல பேசுவாருல்ல” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவாள். ‘அது உங்கய்யா இல்ல, வேற ஆளு’ என்று திருத்தப் போன பிள்ளைகளைக் குருநாதன் பிடறியில் தட்டி அனுப்பியிருக்கிறான். கேட்டால், ‘சும்மா, கை அரிச்சுச்சு’ என்பான்.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்தது. கடைகளோடு எரிந்தது, ஆட்களோடும் எரிந்தது. ரேடியோவில் அந்த வாரம் சாவு வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டிய வாரத்தில் வெறும் வாத்திய இசை. பிறகு பாட்டு வந்தது, வேறு வேறு ஆட்கள் பேசினார்கள். தேன்குழாயார் வரவே இல்லை. பொழுதடைகிற நேரத்தில் ஊர் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனது. நாகநாதனிடமிருந்து தகவல் இல்லை.

ஆவணியில் அம்மன் கோயில் முளைப்பாரி. கோயில் வாசல் பனையில் குழாய் கட்டியிருந்தது. ரெக்கார்டுக்கு ஓய்வு கொடுக்க, ரேடியோவின் முன்னால் மைக்கை வைத்துச் சிலோனையே ஊருக்கு விடுவது மைக் செட்காரர்களின் சோம்பேறி வித்தை. அன்று செவ்வந்திக்குப் பிறந்தநாள். எண்ணெய் வழிய ரெட்டைச் சடை போட்டு, விடிந்ததிலிருந்து அவள் பனைமரத்தடியில் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாழ்த்து நேரம் தொடங்கியது. யார் யாருக்கோ வாழ்த்து வந்தது.

“ஏத்தா, போய்ப் பொங்கல் வாங்கித் தின்னு. வெயில் ஏறுது” என்றான் குருநாதன்.

“எங்கய்யா இன்னும் பேசலண்ணே.”

நேரம் முடியப் போகிறது. ஊரில் ரேடியோ வைத்திருந்தவர்களெல்லாம் கோயில் முன்னால் கும்பிட்டு நின்றார்கள். மீரா சாகிபு பேட்டரி எடுக்கச் சாயல்குடி போயிருந்தார். குருநாதன் ரேடியோவின் திருகை மெல்லக் குறைத்தான். மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

தேன்குழாயார் வாழ்த்தினார். ஒரு எழுத்து மாறாமல்.

உருமிக்காரன் அடிப்பதை நிறுத்தினான். முளைப்பாரி சுமந்து நின்ற பெண்கள் அப்படியே நின்றார்கள். அதற்குள் பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புழுதியில் மண்டிபோட்டு, பனைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “இருக்காரு! ஏ ஆத்தா, இருக்காரு!” பெண்கள் குலவை போட்டார்கள். செவ்வந்தி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் பொங்கல் வாங்கப் போனாள்.

குருநாதன் ரேடியோவை மறுபடி கூட்டிவைத்தான். பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தான். ஊரே குலவை போடும் என்று நினைக்கவில்லை.

அதற்கப்புறம் பஞ்சம்மாளைப் பிடிக்க முடியவில்லை. ராமேஸ்வரத்தில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு மகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். சோறு ஊசிப்போகும். திரும்பி வருவாள். மிளகாய்க்குக் களை எடுக்க ஆளில்லை, பாதிச் செடி கருகியது. செவ்வந்தியின் பள்ளிக்கூடம் நின்றது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் குருநாதன் வேறு தெருவில் நடந்தான். கேலி பேசுவதை நிறுத்திவிட்டான். “சிலோனுக்குப் பேய் அடிச்சிருச்சுடா” என்றார்கள் கூட்டாளிகள்.

அடுத்த வருஷம் மிளகாய் பழுத்த சமயத்தில் பொன்னுச்சாமி வந்தான். மண்டபம் அகதி முகாமிலிருந்து வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தான். ஒரு கையின் விரல்கள் வெந்து ஒட்டிப்போயிருந்தன. வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“கடைக் கதவ வெளிய பூட்டிட்டுக் கொளுத்துனாங்க அண்ணி. நான் கொல்லச் சுவரு ஏறிட்டேன். நாகநாதன் பின்னாடி வந்தாரு. கையப் பிடிச்சு இழுத்தேன். வரல. கண்ணால பாத்தேன்.”

பஞ்சம்மாள் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “இது நடந்தது எப்ப?”

“ஆடியில.”

“ரேடியோல சொன்னது ஆவணியில. ஆடியில செத்தவரு ஆவணியில எப்படிய்யா மகளுக்கு வாழ்த்துச் சொல்லுவாரு?”

“அண்ணி, அந்தக் கார்ட எழுதுறவனே நான்தான். போன வருசம் நான் எழுதலயே!”

“நீ எழுதாட்டி உலகத்துல எழுதத் தெரிஞ்சவனே கெடையாதா? விட்டுட்டு ஓடிவந்தவன், கேட்டாக் கேவலம்னு கதை கட்டுறியா?”

ஊர் அவள் பக்கம் நின்றது. வழக்கம் அப்படி. சாவு வாசிக்கவில்லை, வாழ்த்து வாசித்தாயிற்று. “ஏலே, எந்திரிச்சுப் போ. நல்லாருக்குற மனுசனச் சாகடிக்க வந்துட்டான்” என்று யாரோ கத்தினார்கள். யாரும் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

குருநாதன் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினான். பொன்னுச்சாமி கருவேல நிழலில் குந்தியிருந்தான். அழுதிருப்பான் என்று நினைத்தால், முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம்.

“தம்பி, நெசமாவே ரேடியோல சொன்னாங்களா?”

குருநாதன் பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“புகையில நான்தான் தப்பாப் பாத்துட்டேனோ? எனக்கு அப்புறம் ஏறி வந்திருப்பாரோ? நான் விட்டுட்டு வரலன்னு ஆயிருமே தம்பி...” வெந்த விரல்களைத் தடவிக்கொண்டே சிரித்தான். பஸ் வந்தது. அந்தச் சிரிப்போடு ஏறிப் போனான்.

குருநாதன் நேராகக் களத்துக்குப் போனான். உச்சி வெயில். பஞ்சம்மாள் காய்ந்த மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏறியது.

“சித்தி, அந்த வாழ்த்து... அது ரேடியோ இல்ல. நான்.”

அவள் சிரித்தாள். “போடா. உனக்கு எதுல வெளையாடுறதுன்னு இல்லயா?”

ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தவன் உண்மை சொன்னால் என்ன மரியாதையோ அதுதான் கிடைத்தது. அவன் அம்மன் மேல் சத்தியம் செய்தான். “உன் சத்தியத்த நாய் திங்காது” என்றாள். வேறு வழியில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பனைகளைப் பார்த்துச் சொன்னான்: “இந்தியா, பூவங்குளத்தில் பிறந்தநாள் காணும்...”

மிளகாய் கிளறும் சத்தம் நின்றது. வாசித்து முடித்தும் அவன் திரும்பவில்லை. அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “சாயந்தரம் ஒண்ணு வாசிப்பாருல்ல. அத வாசி.”

“சித்தி...”

“ரேடியோ சொல்லாம நான் தாலி அறுக்க மாட்டேன். வாழ்த்து வாசிக்கத் தெரிஞ்சவனுக்குச் சாவு வாசிக்கத் தெரியாதா? வாசிடா.”

அவன் வாசித்தான். சாவுக்கான அந்தக் குரலில், நிறுத்தி நிறுத்தி. “மரண அறிவித்தல். இந்தியா, பூவங்குளத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட நாகநாதன் காலமானார். அன்னார் பஞ்சம்மாளின் அன்புக் கணவரும், செவ்வந்தியின் பாசமிகு தந்தையும் ஆவார். அன்னாரின் தகனக் கிரியைகள்...”

அங்கே நின்றுவிட்டான். எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டிய இடம் அது.

“அதான் அவனுகளே எரிச்சுட்டானுகளே” என்றாள் பஞ்சம்மாள். “அத விட்டுட்டு மேல வாசி.”

“இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.”

திரும்பியபோது அவள் மிளகாய்க் குவியலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, நெடியாலும் வழியும். களத்து ஓரப் பனையடியில் ஒரு கஞ்சிப்பானை இருந்தது. யார் வைத்தது என்று அவன் கவனிக்கவில்லை.

ஊரில் அவள் ஒரே சொல்தான் சொன்னாள்: “ரேடியோல வாசிச்சாங்க. நான் கேட்டேன்.” யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. குருநாதனைக் கடைசிவரை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. சடங்கு முடிந்ததும் அவன் மண்டபத்துக்குப் போய்ப் பொன்னுச்சாமியிடம் சொல்லிவிட்டு வந்தான். பொன்னுச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன்பிறகு குருநாதன் மைக்கில் பேசியதில்லை. மீரா சாகிபு மவுத்தான பின் செட்டை அவனே எடுத்து நடத்தினான். ரெக்கார்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. தட்டு வந்தது, பனைமரத்துக் குழாய் போய் ஆள் உயரப் பெட்டி வந்தது. டவுன் பக்கம் போனால் பண்பலையில் பையன்கள் மூச்சுவிடாமல் கலகலத்தார்கள். சாவு வாசிக்கிற குரல் ஒருவனுக்கும் இல்லை. அறிவிப்புச் சொல்ல அவன் கூலிக்கு ஆள் வைத்தான். பீடியைக் குடித்துக் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டான். வேண்டுமென்றே செய்த மாதிரிதான் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், அக்கரையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டீக்கடை டிவி சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், செவ்வந்தி மகளுக்குப் பூப்புச் சடங்கு. பந்தல் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்த குருநாதனிடம் அவள் வந்தாள்.

“அண்ணே, எம்மகளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லு. எங்கய்யா குரல்ல.”

“அந்தக் குரல் இப்ப இல்ல ஆத்தா.”

“சாவ மட்டும் அந்தக் குரல்ல கேட்டேன்ல? கஞ்சிப்பானையோட நின்னு?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பனையடியில் இருந்த பானை இத்தனை வருஷம் கழித்து அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பன் செத்ததை அப்பன் குரலிலேயே கேட்டிருக்கிறாள் பிள்ளை. கேட்டுவிட்டு, பானையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பீடியை மிதித்து அணைத்தான். மைக்கை எடுத்துத் தட்டினான். பாட்டு நின்றது.

“இந்தியா... பூவங்குளத்தில்...”

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. “யாருப்பா அது, ஆட்டுக்குட்டிய மிதிச்சது?” என்று பையன்கள் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. “போதும்ணே” என்று அவன் கையிலிருந்து மைக்கை வாங்கி வைத்தாள். கூலி ஆள் மறுபடி பாட்டைப் போட்டான்.

பந்தலின் கடைசியில், கழுத்தில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் மட்டும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தையும் வாசிக்கப் போகிறார்கள் என்பதுபோல், பெட்டிப் பக்கமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.