தம்பிக்கு ஒரு தண்ணீர்க் கேமரா

"அந்தமான் போறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு சின்ன கேமரா வாங்கணும்க்கா. சனிக்கிழமை தி. நகர் வரைக்கும் வர்றியா?" என்று தம்பி கேட்டான். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "யார் யார் போறீங்க?" என்றேன்.

"நான் மட்டும்தான். டிக்கெட் போட்டாச்சு."

அம்மாவும் அப்பாவும் போன பிறகு சாந்தோமில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. விழித்திரையில் ஒரு நோய். சிறுவயதில் இருட்டில் தடுமாறுவதாகத் தொடங்கியது, பிறகு ஓரப்பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது அவனுக்கு நடுவில் மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் உலகம் தெரியும். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறான். பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தால் அவன் கண்ணில் பட்டுவிடும். பாதி திறந்திருக்கும் கதவு படாது. நடுவில் மிச்சமிருப்பதும் எத்தனை வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது என்று அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அன்று மாலையே அவன் டிக்கெட் போட்டிருக்கிறான்.

கண் நோயைப் பற்றி அவன் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு பெரியவரை இடித்துக் கீழே தள்ளிவிட்டான். "காலையிலயே போட்டுட்டு வந்துட்டான் பாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. நான் திரும்பிப் பதில் சொல்லப்போனேன். அவன் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். குடிகாரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கண் விஷயம் தெரியக்கூடாது.

சனிக்கிழமை தி. நகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் முழங்கையைப் பிடித்தேன். "விடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்று உதறினான். கூட்டத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேகமாக நடந்தான். பிளாட்பாரத்தில் விரித்திருந்த செருப்புக் குவியல், வழியில் நின்ற பைக், குழந்தையைத் தூக்கிய ஒரு பெண், எல்லாவற்றுக்கும் நான் பின்னாலிருந்தே "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். கடைக்குள் நுழைவதற்குள் எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய கேமரா கடை அது. கவுன்ட்டரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். தம்பி கேட்டதற்கெல்லாம் அவர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அவன் கண் அவர் முகத்தைத் தேடி அலைந்தது அவருக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும்.

"மேடம், செல்போனை பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டுப் போறாங்க, அது சரிப்படாது. தண்ணிக்குள்ள டச் வேலை செய்யாது. இதோ, இது தீப்பெட்டி சைஸ்தான், நெத்தியில கட்டிக்கலாம்."

"என்கிட்ட சொல்லுங்க சார். வாங்குறது நான்" என்றான் தம்பி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் முகம் இறுகியது. அந்தத் தீப்பெட்டிக் கேமராவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். படம் நன்றாக வரும், ஆனால் தண்ணீருக்குள் போக அதற்குத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும். தம்பி அதைத் தொடக்கூட இல்லை. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் சிவப்புக் கேமரா. பதினைந்து மீட்டர் ஆழம் வரை தாங்கும், கீழே விழுந்தாலும் உடையாது என்றார். பொத்தான்கள் புடைத்திருந்தன. பேட்டரி மூடிக்கு இரண்டு பூட்டு, உள்ளே சுற்றிலும் மெல்லிய ரப்பர். "இந்த ரப்பர்ல ஒரு முடி இருந்தாக்கூட தண்ணி உள்ள போயிடும். ஒவ்வொரு தடவையும் நல்லாப் பாத்து மூடணும்" என்று அழுத்திச் சொன்னார்.

தம்பி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ரப்பரைச் சுற்றி வந்தான். மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். பிறகு கேமராவை ஆன் செய்து முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?"

"அக்கா, நீ அங்க நிக்கிற. ஃபேன் ஓடுது. வாசல்ல ஒரு அம்மா குடையோட இருக்காங்க." அவன் தலையைத் திருப்பவே இல்லை. "மொத்தக் கடையும் இதுக்குள்ள இருக்கு."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. அகலமான காட்சியை அந்தக் கையகலத் திரை சுருக்கிக் காட்டியது. சுருங்கிய காட்சி அவன் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு அறையை அவன் ஒரே பார்வையில் பார்த்தான். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேமராவையே வாங்கிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் அவன் கேமராவை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தான். செருப்புக் குவியலைத் தானே சுற்றிப் போனான். "சொல்லாத, நீ எதுவும் சொல்லாத" என்று சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தவறு. உஸ்மான் சாலை ஓரத்தில் ஒரு நொடி நின்றவன், திரையைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டான்.

திரையில் எல்லாம் தெரிந்தது. எது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. சின்னதாகத் தெரிந்த ஆட்டோ பக்கத்திலேயே இருந்தது. நான் கத்தினேன். என் சத்தம் ஹாரனில் போய்விட்டது. ஓடிப்போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். இரண்டு பேரும் சரிந்து விழுந்தோம். கேமரா எகிறித் தார் ரோட்டில் உருண்டது. ஆட்டோ அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"யோவ்! நடுரோட்ல போட்டோ புடிச்சிக்கினு போற? கண்ணு தெர்ல?" என்று டிரைவர் இறங்கி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பி சொன்னான்.

"ஆமாங்க. தெரியாது. நடுவுல கொஞ்சம்தான் தெரியும். சைடுல எதுவுமே தெரியாது."

"அத முன்னாடியே சொல்லக்கூடாதா நைனா" என்று டிரைவர் குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கேமராவை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அதே ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தோம்.

கேமராவின் ஒரு மூலையில் சிவப்பு உரிந்து வெள்ளை தெரிந்தது. மூடி லேசாக நெளிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நெளிந்திருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கேமரா கெட்டுப்போனால் பயணமும் நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை.

தம்பி குளியலறை பக்கெட்டில் தண்ணீர் பிடித்தான். ரப்பரை விரலால் தடவி, ஒரு மண் துகளைக் கண்டுபிடித்து ஊதி எடுத்து, மூடியை இரண்டு முறை பூட்டி, தண்ணீருக்குள் விட்டான். இரண்டு குமிழ் மேலே வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. அரைமணி நேரம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எடுத்துத் துணியால் ஒற்றி, மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டான்.

"காஞ்சிருக்கு" என்றான்.

"போகாதடா" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், கெஞ்சலாக வந்தது.

அவன் ஈரக்கையோடு செல்போனை எடுத்து, அந்தமானில் கடலுக்குள் அழைத்துப் போகிற ஆட்களைக் கூப்பிட்டான். "என் பேர்ல ஒரு புக்கிங் இருக்கு. ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். எனக்கு சைடு பார்வை கிடையாது. தண்ணிக்குள்ள யாராவது என் கையப் புடிச்சிக்கிட்டே வரணும். முடியுமா?" என்று கேட்டான். நான் குளியலறை வாசலிலேயே நின்றிருந்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று என் காதில் விழவில்லை. அவன் "சரிங்க, தேங்க்ஸ்" என்று வைத்தான். அடுத்து ஏர்லைன்ஸுக்குப் போட்டு, ஏர்போர்ட்டில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று அதே நிதானத்தில் சொன்னான்.

தனியாகத்தான் போனான். மூன்றாம் நாள் மத்தியானம், நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது போன் வந்தது. கரைக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தானாம். பாதிக்குமேல் வெறும் நீலம், சிலதில் அவன் விரல்.

"ஒண்ணுல என் கையும் அந்த கைடு கையும் இருக்குக்கா. பக்கத்துலயே ஒரு பெரிய மீன் கூட்டம் போகுது. மஞ்சள் மஞ்சளா. நான் அங்கதான் இருந்திருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல."

அவன் சந்தோஷமாகச் சொல்கிறானா, அழுகிறானா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மணி அடித்துவிட்டது, எனக்கு வகுப்பு இருந்தது.

"அதை எனக்கு அனுப்பு" என்றேன்.