குமரனுக்குக் கிடைக்காத சிகரம்

இறந்துபோன ஒருவனுக்குச் சேரவேண்டிய மலையை நான் வேறொருவருக்குக் கொடுத்தேன்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வரைபட அலுவலகமொன்றில் வேலை செய்தேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து அண்டார்டிகாவின் மலைகளை அளப்பது எங்கள் பணி. ஒரே தொடரென்று நம்பப்பட்ட மலைகளின் நடுவே பனியாறு ஓடுவதை, உடன் வேலை செய்த செல்வராணிதான் கண்டுபிடித்தார். தனித்து நின்ற சிகரத்துக்குப் பெயர் முன்மொழியும் உரிமை அவருக்குக் கிடைத்தது. கடலில் காணாமல்போன தம்பியின் பெயரைச் சொன்னார்.

"குமரனுக்கு ஒரு கல்லறைகூட இல்லை, அண்ணை. அன்ட்ராக்கை நீங்களே நிரப்பி அனுப்புங்கோ."

நான் அந்த அன்ட்ராக்கில், பெயர் கேட்கும் விண்ணப்பத்தில், எங்கள் அலுவலகத் தலைவரின் பெயரை எழுதினேன். என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அண்டார்டிகாவின் இடங்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அப்படி முடிவு செய்ததாகச் செல்வராணியிடம் சொன்னேன். நம்பினார்.

ஓய்வுபெற்ற பிறகு குழுவுக்கு உண்மையை எழுதினேன். வரைபடத்தில் ஏறிய பெயரை மாற்ற மறுத்தவர்கள், பக்கத்திலிருந்த பெயரில்லாத குன்றுக்குக் குமரன் என்று வைக்கச் சம்மதித்தார்கள். புதிய வரைபடத்துடன் ஸ்டுட்கார்ட்டில் செல்வராணியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"அம்மா சாகுமட்டும் அந்த மலையைக் கேட்டவ, அண்ணை. அவையள் தரேல்லை எண்டு ஒவ்வொரு முறையும் நான்தான் சொன்னனான்."

பிறகு குன்றின்மேல் விரலை வைத்தார்.

"இதிலை வெயில் படுமோ?"

"ஓம். கோடையிலை சூரியன் மறையவே மறையாது."

"மாரியிலை?"

குளிர்கால மாதங்களில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அதைச் சொல்லாமல் குன்றின் உயரத்தைச் சொன்னேன். அவர் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டார். என்னை மறுபடி வரச் சொல்லவில்லை.