கதவைக் கழற்றிக்கொண்டு போனவர்

எங்கள் மெதடிஸ்ட் சபையின் வரலாறு கல்குவாரியில் ஆரம்பிக்கிறது. விலைபோகாது என்று குவாரியில் ஒதுக்கிப்போட்ட கற்களைத் தொழிலாளர்கள் வேலை முடிந்த மாலைகளில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கட்டிய சின்னக் கோயில் அது. ஓட்டுக்கூரை, குவாரியில் கழித்துக்கட்டிய மணி, ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாத பெஞ்சுகள்.

ஆனால் ஹார்டுவேர் கடைக்காரரைக் கேட்டால் வரலாறு கதவில்தான் ஆரம்பிக்கும். கோயில் வாசலுக்கு இரட்டைக் கதவு கொடுத்தது அவருடைய அப்பா. யாரோ பணக்காரர் வீட்டுக்குச் செய்து, அளவு தப்பிப்போய், கடைக்குப் பின்னால் சாத்திக்கிடந்த கதவு. அதைக் கோயிலுக்குக் கொடுத்தபோது அப்பாவுக்குக் கொஞ்சம் இடம் மிச்சமானது. மகனுக்கோ ஆயுள் முழுக்கப் பேசுவதற்கு விஷயம் கிடைத்தது. மகன் தலையெடுத்ததும் முதல் வேலையாக அந்தக் கதவில் 'உபயம்' என்று பெயின்ட்டில் எழுதி, கீழே குடும்பப் பெயரைப் போட்டார். சபையின் பெயர் அதற்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. புதிதாக வருகிறவர்கள், கோயிலே அந்தக் குடும்பத்துச் சொத்து என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

ஒரு கமிட்டிக் கூட்டத்தில் அவர் தன் வாயாலேயே, "நான் இந்தச் சபைக்குத் தூண் மாதிரி" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் தூண். தூண் என்றால் பாரம் தாங்க வேண்டும். இவர் தாங்கியதெல்லாம் முதல் பெஞ்சின் சாய்மானத்தைத்தான்.

அவர் மனைவி வேறு மாதிரி. கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் முதல் அடியைத் தொட்டால் போதும், பின் பெஞ்சில் தூங்குகிறவர்கூட எழுந்து ராகத்தில் வந்து சேர்ந்துகொள்வார். தூணுக்கு இதில் பெருமை உண்டு. மனைவியின் குரலையும் தன் குடும்பம் கோயிலுக்குக் கொடுத்த உபயங்களில் ஒன்றாகவே வைத்திருந்தார்.

வினை ஒரு பால்காரர் உருவத்தில் வந்தது. வயதாகி அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பிரசங்கம் கேட்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூண் வழக்கம்போலத் தாமதமாக, எல்லோரும் பார்க்கும்படி நடந்து வந்து, அவர் தோளைத் தட்டினார்.

"இது எங்க குடும்ப பெஞ்சு. எந்திரிச்சுப் பின்னாடி போங்க."

"என்னது, ஜெபமா?" என்று கேட்ட பால்காரர், பயபக்தியோடு கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஜெபமில்லைய்யா, பெஞ்சு! பெஞ்சு!"

"ஆமென்" என்றார் பால்காரர்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. போதகரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்ட தூணின் மனைவிக்குத் தோள் குலுங்கியது. தூண் அதையும் பார்த்துவிட்டார்.

அந்த வாரமே கமிட்டியைக் கூட்டச் சொன்னார். போதகர் பொறுமையானவர்.

"பெஞ்சு யாருக்கும் சொந்தமில்லைங்க. அவருக்குக் காது கேக்காது. முன்னாடி உட்கார்ந்தா என் வாய் அசையறதாவது தெரியும்."

"அப்ப இந்தச் சபையில எங்களுக்கு என்னதான் சொந்தம்?" என்று தூண் மேசையைத் தட்டினார்.

கமிட்டியில் இருந்த தையற்காரம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "கதவு வேணும்னா உங்களது. எடுத்துட்டுப் போங்களேன்" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வேடிக்கை புரிந்திருந்தால் அவர் தூண் ஆகியிருக்கமாட்டார். சனிக்கிழமை மத்தியானம், கடையில் வேலைபார்க்கும் இரண்டு ஆட்களையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு, திருப்புளியோடு வந்து சேர்ந்தார். கீல் துருப்பிடித்திருந்ததால் கழற்றச் சாயங்காலமாகிவிட்டது. இரட்டைக் கதவைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவோடு கொண்டுபோனபோது அவர் முன்னால் நடந்தார், ஊர்வலம் நடத்துகிறவர்போல.

மறுநாள் ஆராதனைக்கு நடுவில் ஓர் ஆடு உள்ளே வந்து, பீடத்துக்கு வைத்திருந்த பூவைத் தின்றது. போதகர் அதை விரட்டச் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துல நம்ம மெதடிஸ்ட் முன்னோர்களைக் கோயிலுக்குள்ள விடாம கதவைச் சாத்தினப்ப, அவங்க வெட்டவெளியில நின்னு பிரசங்கம் பண்ணினாங்க. நமக்கு வாசல் கொஞ்சம் திறந்து கிடந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஊர்த் தச்சர் மிச்சப் பலகையில் ஒரு படல் செய்து மாட்டிவிட்டார். ஆடு வரவில்லை. மற்றபடி எல்லோரும் வந்தார்கள்.

தூண் இதை எதிர்பார்க்கவில்லை. கதவு போனால் சபையே கலைந்துவிடும், தன் காலில் வந்து விழுவார்கள் என்று இருந்தவர் அவர். யாரும் வராததால், கோயிலுக்கு நேர் எதிரில் இருந்த தன் கிடங்கைக் காலி செய்து, 'ஆதி மெதடிஸ்ட் சபை' என்று பலகை மாட்டினார். ஆதி! அதற்கு வயது ஒரு வாரம். கொண்டுவந்த கதவு கிடங்கு வாசலுக்குப் பெரிதாக இருந்தது. அதை மாட்டுவதற்காகச் சுவரை இடித்தார். இடித்ததில் நிலைக்குமேல் விரிசல் விட்டுக் கூரைத் தகடு சரிந்தது. கடைசியில் கதவைச் சுவரோரம் சாத்திவைத்தார்கள். கரையான் மட்டும் அதை மதித்தது.

சபை என்று சொன்னால் மனைவி, மச்சான், கடை ஆட்கள் இருவர். பெயின்ட் டப்பாக்களுக்கும் சிமென்ட் மூட்டைகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிரசங்கம் தூணுடையதுதான். முதல் பிரசங்கம் தாழ்மையைப் பற்றி. "தாழ்மையில என்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆளில்லை" என்று ஆரம்பித்தார்.

சிமென்ட் தூசியில் மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எதிரில் கோயிலில் பாட்டு ஆரம்பிக்கும். அவர் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அவர் மடியில் கைவிரல்கள் தாளம் போடும். கணவர் முறைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண் கண்ணை மூடி நீண்ட ஜெபத்தில் இருந்தார். முடித்துக் கண்ணைத் திறந்தால் மனைவியின் நாற்காலி காலி.

"எங்கடா உங்க அக்கா?"

"எதிர்ல போயிட்டாங்க அத்தான்."

"எப்ப?"

"நீங்க உலக சமாதானத்துக்கு ஜெபம் பண்ணினப்ப" என்றார் மச்சான்.

அந்த நேரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் பாட்டு சட்டென்று நிமிர்ந்து ஒரே குரலாக எழுந்தது. கடை ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூணுக்கு முகம் கறுத்தது. அந்தக் குரல் தனக்குச் சொந்தமில்லை என்பது அன்றுதான் அவர் காதில் விழுந்தது. காது மந்தம் பால்காரருக்கு மட்டுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார். "என் மானத்தை வாங்கிட்டியே! ஊர் என்ன பேசும்?"

மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "ஊர் பேசி முடிச்சு ரொம்ப நாளாச்சுங்க. எனக்குப் பாடணும். அங்க பாட்டு இருக்கு, போனேன். உங்களை யாரும் வேண்டாம்னு சொல்லலையே, நீங்களும் வாங்க."

"நான் வரணுமா? அவங்க வந்து கூப்பிடட்டும்."

யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் மச்சானுக்குச் சளி, அதற்கடுத்த வாரம் முதுகுவலி. பிறகு காரணம் தேடுகிற சிரமமும் வேண்டாமென்று அவர் வராமலேயே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கச் சம்பளம் உண்டா என்று கடை ஆட்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள். ஆதி சபை மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

கடைசியில் தூண் கோயிலுக்குத் திரும்பினார். மனம் திரும்பினார் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தன் பெருமையைக் கேட்க நாலு பேர் வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தையற்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். தூண் பாட்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல், மின்விசிறி சத்தம்போடுவதாக அவரிடம் குறை சொன்னார்.

எங்கள் சபையில் போதகர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றுவது வழக்கம். அதில் யாருக்கும் பழியும் இல்லை, புகழும் இல்லை. அப்படி அந்தப் போதகர் மாறிப்போய், ஒரு பெண் போதகர் வந்தார். வீடு வீடாகப் பார்க்க வந்தவரை உட்காரவைத்துத் தூண் குரலைத் தாழ்த்தினார்.

"முன்ன இருந்தவரை நான்தான் மாத்த வச்சேன். நீங்களும் பார்த்து நடந்துக்கணும்."

புதுப் போதகர் திகைத்துப்போய் அவர் மனைவியைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று டம்ளரை நீட்டினார் மனைவி. "மழை பெஞ்சாலும் இவர்தான் பெய்ய வச்சதாச் சொல்வார். நீங்க டீயைக் குடிங்க, ஆறிடப்போகுது."